மார்கழி, தை மாதங்களில் மெதுவோட்டம்: நாள்பட்ட நோயுடையோர் இடைவிடாமல் தொடர்வதற்கான வழிகாட்டுதல்

மெதுவோட்டம் என்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறைத்து ஓடும் பயிற்சியாகும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோயுடையோர், 40 வயதைக் கடந்த பின் முதன்முறையாக ஓடத் தொடங்கியோர், நடைப்பயிற்சியிலிருந்து படிப்படியாக ஓட்டத்துக்கு வந்தோர் ஆகியோர் பெரும்பாலும் இவ்வகையினரே. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்குப் பகுதியில் இவர்களது பயிற்சி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் அறுபடுவதைக் காண்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரிரு நாள் நிற்கும் ஓட்டம், மார்கழிக் குளிரில் வாரக்கணக்கில் நிற்கிறது. பொங்கல் விடுமுறை, உறவினர் வருகை எனக் காரணங்கள் சேர்ந்துகொள்ள, மாசி பிறந்த பிறகும் பலர் காலணியை எடுப்பதில்லை.

இதனால் ஏற்படும் பாதிப்பு அனைவருக்கும் ஒன்றல்ல. உடல்நலத்துடன் உள்ளவருக்கு இரண்டு மாத இடைவெளியால் மூச்சுத்திறன் சற்றுக் குறையும். நீரிழிவு நோயாளிக்கோ, அவர் உட்கொள்ளும் மாத்திரையின் அளவே பயிற்சியையும் கணக்கில் கொண்டு நிர்ணயிக்கப்பட்டிருக்கும். பயிற்சி நின்று, உணவும் மாத்திரையும் அப்படியே தொடர்ந்தால், சர்க்கரைப் பொங்கலும் ஒப்புட்டும் கரும்பும் சேரும் அதே வாரங்களில் இரத்தச் சர்க்கரை உயர்ந்துவிடும். மாசியில் எடுக்கப்படும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, முந்தைய சுமார் மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவதாகும். மார்கழியில் விட்டுப்போனது அதில் தெரியவரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள். தமிழ்நாட்டில் இவ்விகிதம் ஏறத்தாழ 14 விழுக்காடு. எனவே, குளிர்காலத்தில் பயிற்சி விட்டுப்போவது இம்மாநிலத்தில் சிலருக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

பயிற்சி நின்றுபோவதற்கு மனவுறுதிக் குறைவே காரணம் எனப் பலர் தம்மைத் தாமே நொந்துகொள்கின்றனர். மருத்துவ நோக்கில் பார்த்தால், பெரும்பாலும் காரணம் அதுவன்று. கோடைக்காலத்தில் வகுத்த நேரத்தையும் தூரத்தையும் மாற்றாமல் குளிர்காலத்திலும் கடைப்பிடிக்க முயல்வதே காரணம்.

காலை 5.30 மணி எல்லாப் பருவத்திலும் ஒன்றல்ல

கோயம்புத்தூரில் மே மாத இறுதியில் காலை 6 மணியளவில் சூரியன் உதிக்கிறது. மார்கழித் தொடக்கத்தில் உதயம் 6.30 மணியைக் கடந்துவிடுகிறது. பகற்பொழுது மிகக் குறுகிய நாள் டிசம்பர் 21 அல்லது 22 என்பதால் அதற்குப் பின் விடியல் முன்னதாகும் எனப் பலர் எண்ணுவர். ஆனால் காலை இருள் மேலும் ஒரு மாதம் நீள்கிறது. ஜனவரி மூன்றாம், நான்காம் வாரங்களில் 6.45 மணியளவில்தான் சூரியன் உதிக்கிறது. ஆகவே, மே மாதத்தில் 5.30 மணிக்கு எழுந்து ஓடியவர், தை மாதத்தில் அதே நேரத்துக்கு எழும்போது, விடியலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக எழுகிறார். உறக்கத்தையும் விழிப்பையும் நெறிப்படுத்தும் உடலின் உட்கடிகாரம் வெளிச்சத்தைச் சார்ந்து இயங்குவது. இருளில் படுக்கையை விட்டு எழ உடல் மறுப்பது அதன் இயல்பே.

குளிரும் தன் பங்குக்குச் செயல்படுகிறது. கோவையில் இப்பருவத்து அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும். வடமாநிலத்தவருக்கு இது குளிராகத் தோன்றாது. ஆண்டின் பெரும்பகுதியை வெயிலில் கழிக்கும் நம் உடலுக்கு இது போதிய குளிரே. குளிர்ந்த காற்றுப் பட்டவுடன் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் பணிச்சுமை கூடுகிறது. உறக்கத்திலிருந்து எழும் நேரத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறும். மாரடைப்பு குளிர்காலத்திலும், நாளின் காலைப் பகுதியிலும் கூடுதலாக நிகழ்வது பல நாடுகளில் அறியப்பட்ட ஒன்றாகும்.

ஆகவே, டிசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை, குறிப்பாக இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உடையோர், ஓடும் நேரத்தைச் சூரிய உதயத்துக்குப் பின் 7 மணிக்கு மேல் மாற்றிக்கொள்வது நல்லது. காலையில் அலுவலகமோ ஆலையோ செல்ல வேண்டியவர்கள் மாலையில் ஓடலாம். சூரியன் மறையும் நேரம் டிசம்பர் நடுப்பகுதியில் 6 மணியளவு, ஜனவரி இறுதியில் 6.20 மணியளவு என்பதால், 5 மணிக்குத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே முடிக்கலாம். இரவு முறைப்பணி முடித்துத் திரும்புவோர், உறங்கி எழுந்த பின் ஓடுவதே பாதுகாப்பானது. அதிகாலையில் ஓடினால்தான் பலன் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நேரத்தை மாற்றிக்கொள்வது சோம்பல் ஆகாது. மேற்கண்ட நோயுடையோருக்கு அது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கருதலாம்.

மெதுவாக ஓடினால் பலன் குறையுமா?

பயிற்சியைக் கைவிட்டவர்களிடம் கேட்டால், குளிருக்கு அடுத்தபடியாக அவர்கள் கூறும் காரணம் வெட்கம். ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் சுற்றில், தாம் ஒரு சுற்று முடிப்பதற்குள் இளைஞர்கள் இரு முறை கடந்து செல்வதையும், வேகமாக நடப்பவர்களே தம்மை முந்துவதையும் கண்டு, “இது ஓட்டமே அல்ல” என முடிவுகட்டிவிடுகின்றனர். கைபேசிச் செயலிகள் காட்டும் வேகக் கணக்கும் பிறரது பதிவுகளும் இவ்வெண்ணத்தை வலுப்படுத்துகின்றன.

ஆய்வுகள் வேறு விதமாகக் கூறுகின்றன. அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், ஓடாதவர்களைக் காட்டிலும் ஓடுபவர்களுக்கு இதய, இரத்தநாள நோயால் ஏற்படும் மரண வாய்ப்பு 45 விழுக்காடு குறைவாக இருந்தது. நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடம் மட்டும், மணிக்கு 6 மைலுக்கும் குறைந்த வேகத்தில் ஓடியவர்களிடமும் குறிப்பிடத்தக்க பலன் காணப்பட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஓடுவோரைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு, மிதமாகவும் மெதுவாகவும் ஓடியவர்களிடமே மிகக் குறைந்த மரண விகிதத்தைக் கண்டது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுபவையே. ஓட்டம் ஒன்றே காரணம் என நிறுவுபவை அல்ல. எனினும், மெதுவாக ஓடுவது வீண் என்னும் எண்ணத்துக்கு அவற்றில் இடமில்லை.

ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஆகி தனகா, முகத்தில் புன்னகை மாறாமல் ஓடக்கூடிய வேகத்தையே பரிந்துரைத்தார். தொடக்க நிலையில் அது மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர், அதாவது நடக்கும் வேகம்தான். குறுகிய அடிகள் வைத்து, பாதத்தின் முன்பகுதி மெல்லப் படியுமாறு ஓடுவது அம்முறை. நடைவேகத்திலேயே ஓடினாலும், நடப்பதைவிடக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை. இத்துடன் வாரம் இரு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் மிதமான உழைப்பு என்னும் வகையில் அடங்கும். பேச முடியும், பாட முடியாது என்னும் நிலையே அதன் அடையாளம். இரத்த அழுத்தத்துக்காக அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இதயத் துடிப்பு இயல்பாகவே குறைவாக இருக்கும். அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டக் கூடாது. பேச்சுச் சோதனையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

மெதுவாக, கூட்டமாக, குளிர்காலத்தில் நெடுந்தூரம் செல்வது கொங்கு மக்களுக்குப் புதிதன்று. தைப்பூசத்தை ஒட்டிக் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் ஒருவரையொருவர் முந்த முயல்வதில்லை. தளர்ந்தவரோடு சேர்ந்து குழுவும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பயிற்சியைத் தொடர்வதற்கு அம்முறை நல்ல முன்மாதிரி. (பயிற்சியின்றித் திடீரென நாள் முழுவதும் நடப்பதும், நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் நடப்பதும் முன்மாதிரியாகா. கால் புண்ணுடன் தை இறுதியில் மருத்துவமனைக்கு வருவோரைக் கண்டே இதனைக் கூற நேர்கிறது.)

தூரத்தை விட்டுக்கொடுங்கள், நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்

கோடையில் 5 கிலோமீட்டர் ஓடியவர் குளிர்காலத்தில் 2 கிலோமீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம், தவறில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் ஓடினாரோ, அத்தனை நாளும் வீட்டை விட்டு வெளியே வருவதுதான் முக்கியம். மனம் ஒப்பாத நாளில் பத்து நிமிடம் போதும் என்னும் விதியை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் திரும்பிவிடலாம். உடல் சூடேறியபின் பலர் திரும்புவதில்லை என்பது வேறு.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று யோசனையின்றித் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாளில் கைகூடியது. சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் எனக் கணக்கிடப்பட்டது. மார்கழி முதல் நாள் தொடங்கினால் 66-ஆவது நாள் மாசியில்தான் வரும். ஆங்கிலப் புத்தாண்டில் தொடங்கிப் பொங்கலுக்குள் பழக்கமாகவில்லையே எனச் சோர்வது முறையன்று. அதே ஆய்வில் தெரியவந்த மற்றொரு செய்தி, ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதும் பாதிக்கப்படவில்லை என்பதாகும். தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக ஓடுவதுதான் தீங்கு. தசைப்பிடிப்பும் முழங்கால் வலியும் வருவது பெரும்பாலும் அவ்வாறுதான்.

முதல் நாள் இரவே காலணி, காலுறை, மேற்சட்டை, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைக் கதவருகே வைத்துவிட்டு உறங்குவது சிறிய செயல்தான். காலையில் முடிவெடுக்க வேண்டிய சுமையை அது குறைக்கிறது. பருத்தி மேற்சட்டை வியர்வையை உறிஞ்சி ஈரமாகி, ஓட்டம் நின்றவுடன் குளிரூட்டும். மெல்லிய இரண்டு அடுக்குகளாக அணிந்து, சூடேறியதும் மேலுள்ளதைக் கழற்றிக்கொள்ளலாம். குளிர்ந்த தசைகள் விறைப்பாக இருக்கும். கோடையில் ஐந்து நிமிட நடையுடன் தொடங்கியவர்கள் இப்பருவத்தில் பத்து நிமிடமாவது நடந்த பின்னரே ஓட வேண்டும். முடிக்கும்போதும் திடீரென நிற்காமல் நடந்து தணிக்க வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் அருந்துங்கள். குளிரில் தாக உணர்வு மங்கிவிடும். நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டுள்ள இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் கூறிய அளவைத் தாண்டக் கூடாது.

தனியாக ஓடுபவரைவிடத் துணையுடன் ஓடுபவர் எளிதில் கைவிடுவதில்லை. வ.உ.சி. மைதானம், உக்கடம் பெரியகுளக் கரை, வாலாங்குளக் கரை என நகரில் கூடுவதற்கு இடங்கள் உள்ளன. ஊர்ப்புறங்களில் பள்ளி மைதானமும் கோவில் வீதியும் போதும். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் 2023 நவம்பர் 4 முதல் மாநிலத்தின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளப்படுத்தப்பட்டன. எட்டையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. அங்கு நடப்பவர், ஓடுபவர், இரண்டையும் மாறி மாறிச் செய்பவர் அனைவருக்கும் இடமுண்டு. 2013 முதல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நடைபெற்றுவரும் கோயம்புத்தூர் மாரத்தான், அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடத்தப்படுகிறது. அதன் 5 கிலோமீட்டர் பிரிவு போன்ற ஒரு நாளைக் குறியாகக் கொள்வது சிலருக்கு உதவும். ஆனால் ஓட்டம் முடிந்த மறுவாரமே பயிற்சி நின்றுபோவதும் வழக்கம். அதற்குப் பின்வரும் இரண்டு வாரங்களுக்கான நாள்களையும் சேர்த்தே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் நீரிழிவுடனும் விபத்துக் காயத்துடனும் ஓட வந்தவர்களுள் பலரும் அறிந்தவர் மா. சுப்பிரமணியன். 2004-இல் சாலை விபத்தில் கடுமையாகக் காயமுற்ற அவர், 50 வயதைக் கடந்த பின்னரே நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை நிறைவு செய்தார். 2021-இல் மாநிலத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார். நோயாளிகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது தாமதமாகத் தொடங்கலாம் என்பதையே. 21 கிலோமீட்டர் என்பது எல்லோருக்கும் உரிய மருந்தளவு அன்று.

நீரிழிவு உடையோர் கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போடுவோருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கும் ஓட்டத்தின்போதோ, அதற்குப் பல மணி நேரம் கழித்தோ சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுவோர் ஓடுவதற்கு முன் குளுக்கோமீட்டரில் அளவிடுவது நல்லது. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், ஒரு வாழைப்பழம் போன்ற சிற்றுணவு உண்டு, சற்றுப் பொறுத்து ஓடலாம். 250-க்கு மேல் இருந்து, உடற்சோர்வோ வாந்தியோ இருந்தால், அன்று ஓடாமல் மருத்துவரை அணுக வேண்டும். தொடையில் போட்ட இன்சுலின் ஓடும்போது விரைவாக உறிஞ்சப்படும். ஓடும் நாளில் வயிற்றில் போட்டுக்கொள்வது பொருத்தமானது.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். குளிரில் ஏற்படும் நடுக்கமும் தாழ்சர்க்கரை நடுக்கமும் ஒன்றுபோல் தோன்றும். ஐயம் ஏற்பட்டால் தாழ்சர்க்கரை எனக் கொண்டே செயல்படுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடி, ஏறத்தாழ 15 கிராம், உடனே உண்ண வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் அதே அளவு உண்ணலாம். கடலை உருண்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்கள் நம்மிடையே உண்டு. அது நல்ல உணவுதான். ஆனால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துவதால் அவசரத்துக்கு உதவாது.

இப்பருவத்தில் தோல் வறண்டு குதிகாலில் பித்தவெடிப்பு ஏற்படும். உணர்ச்சி மங்கிய பாதத்தில் அவ்வெடிப்பு வலியின்றிப் புண்ணாகிச் சீழ்பிடிக்கும். நாள்தோறும் இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். விரலிடுக்குகளில் தடவக் கூடாது. காலணி அணியும் முன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பதும், ஓடி முடித்த பின் உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டாரைக் கொண்டோ பார்ப்பதும் பழக்கமாக வேண்டும். குளிருக்காகக் காலை வெந்நீரில் வைப்பதையும் நெருப்பருகே காட்டுவதையும் தவிர்க்கவும்.

இதயம், இரத்த அழுத்தம், மூச்சு, மூட்டு

இரத்த அழுத்தம் உடையோர் டிசம்பரில் ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதனைச் செய்துகொள்ளலாம். 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது கட்டுப்படும் வரை ஓடக் கூடாது. மாரடைப்பு ஏற்பட்டவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தம் இதய மருத்துவர் அனுமதித்த அளவுக்கே ஓட வேண்டும். குளிர்காலத்தில் அவ்வளவைக் கூட்ட வேண்டாம்.

ஆஸ்துமா உடையோரில் சிலருக்கு ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலோ நிறுத்திய பின்னரோ இருமலும் இழைப்பும் வரும். மூக்கின் வழியே மூச்சிழுத்தல், மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுதல், நீண்ட நேரம் நடந்து சூடேற்றுதல் ஆகியவை உதவும். மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன் சால்புட்டமால் இன்ஹேலரைப் பயன்படுத்தலாம். ஓடும்போதும் அது உடனிருக்க வேண்டும். குளிர்ந்த அதிகாலையில் குப்பை எரிப்பும் வாகனப் புகையும் மேலெழாமல் தரையை ஒட்டித் தங்கும். பொங்கலுக்கு முந்தைய நாள், வீடுகளில் காப்புக் கட்டும் அன்று, பழைய பொருள்களை எரிக்கும் தெருக்களில் ஓடுவதைத் தவிர்த்து, வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் பயிற்சி செய்யலாம்.

ஓடினால் மூட்டு தேயும் என்னும் அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான பகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், உடலுழைப்பு இல்லாதவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. எனினும், ஏற்கெனவே மூட்டு வீங்கியிருந்தால் நடையே போதும்.

இருளும் பனியும் தெருநாய்களும்

பலர், குறிப்பாகப் பெண்கள், குளிர்காலத்தில் ஓட்டத்தைக் கைவிடுவதற்குக் குளிரைவிட இருளே காரணம். விடிந்த பின் ஓடுவதால் இச்சிக்கலின் பெரும்பகுதி தீரும். இயலாதவர்கள் வெளிர்நிற ஆடையும் ஒளிரும் பட்டையும் அணிந்து, எதிரே வரும் வாகனம் கண்ணில் படுமாறு சாலையின் வலப்புறம் ஓட வேண்டும். அவிநாசி சாலை, திருச்சி சாலை போன்றவற்றில் பனிமூட்ட நேரத்தில் ஓடுவது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. காதில் ஒலிக்கருவி வேண்டாம்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அசையாமல் நின்று, பின்னர் மெல்ல விலகுங்கள். கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கு கட்டணமின்றிப் போடப்படுகிறது. மஞ்சளோ சுண்ணாம்போ தடவிக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

பராமரிப்போருக்கு

நோயாளியை ஓட அனுப்பிவிட்டு வீட்டிலுள்ள முதியவரையும் குழந்தைகளையும் கவனிப்பவரின் உடற்பயிற்சியே இப்பருவத்தில் முதலில் கைவிடப்படுகிறது. வாரத்தில் சில நாள்களை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளுங்கள். இயன்றால் இருவரும் சேர்ந்தே செல்லுங்கள், அவர் ஓடட்டும், நீங்கள் நடக்கலாம். “இன்றைக்கும் போகவில்லையா?” என்ற கேள்வி எவரையும் படுக்கையிலிருந்து எழுப்பியதாக நாம் அறிந்தவரை இல்லை. “பத்து நிமிடம் நானும் வருகிறேன்” என்பது எழுப்பும். நோயாளி செல்லும் பாதை, திரும்பும் நேரம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரது சட்டைப் பையில் பெயர், நோய், உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

உடனே ஓட்டத்தை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, காரணமற்ற குளிர்வியர்வை, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம், ஒழுங்கற்ற படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்தி அமர்ந்து, 108 எண்ணை அழைக்க வேண்டும். நீரிழிவு நோயாளிகள், பெண்கள், முதியோர் ஆகியோருக்கு நெஞ்சுவலி இன்றி மூச்சுத்திணறலும் மிகுந்த சோர்வும் மட்டுமே தோன்றலாம். வாயுத் தொல்லை என எண்ணிச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வதால் இழக்கப்படும் நேரம் திரும்பக் கிடைக்காது. ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்கப்பட்டு, அதன் பின் நோயாளி உயர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்.

இடைவெளி விழுந்த பின் மீண்டும் தொடங்குதல்

தும்மல், மூக்கடைப்பு மட்டும் இருந்தால் வேகத்தைக் குறைத்து ஓடலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் அவை தணிந்து குறைந்தது இரண்டு நாள் கழித்து நடையில் தொடங்க வேண்டும். டெங்கு காய்ச்சலிலிருந்து மீண்டவர்கள் மருத்துவரின் அனுமதிக்குப் பின்னரே ஓட வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் திரும்பினால் பழைய தூரத்தையே மெதுவாக ஓடலாம். மூன்று, நான்கு வாரம் நின்றிருந்தால் பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்கி, இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட ஓட்டம் என மாற்றி மாற்றிச் சென்று, மூன்று வாரத்தில் பழைய நிலையை அடையலாம். இந்த இடைவெளியில் சர்க்கரை உயர்ந்ததற்காக மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருந்தால், ஓட்டத்தை மீண்டும் தொடங்கியதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். கூட்டிய மாத்திரையும் மீண்டும் தொடங்கிய ஓட்டமும் சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடும். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணையோ, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பிரிவையோ அணுகலாம். செல்லும்போது மாத்திரை அட்டைகளையும் ஓடிய நாள்களைக் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.